கை கழுவும் வரிசையில் ஒரு தொடர்கதை

போன வாரம் பவித்ரா தொலைபேசியில் அழைத்தார். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் இப்போது பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் பெண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆவடியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்.

"சார், பாதுகாப்பு பத்தி வீடியோ எடுத்து குரூப்ல போடுறேன். மூணு செகண்டுக்கு மேல ஒருத்தரும் பாக்க மாட்டேங்கறாங்க. நீங்க மட்டும் எப்படி சார் ஆளுங்கள நின்னு படிக்க வச்சீங்க?"

மூன்று வினாடி பார்க்கிறார்கள் என்றால் அதுவே நல்ல தொடக்கம் என்றேன். நான் எழுதிய முதல் அறிவிப்பை ஒரே ஒரு ஆள்தான் படித்தார், அவரும் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு எழுத்துபூர்வமான ஆதாரமே இருந்தது. தொலைபேசியில் பாதி சொல்வதற்குள் பவித்ராவுக்கு ஏதோ மீட்டிங் வந்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் கதவுக்கு வேண்டிய தகட்டுச் சாமான்களைப் பிரஸ்ஸில் அடித்து எடுக்கும் தொழிற்சாலை அது. நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவன். பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, அவருடைய அறிவிப்புகளையெல்லாம் டைப் அடித்தவன் என்ற ஒரே தகுதியில் அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு மாதப் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். தீயணைக்கும் கருவியைப் பிடிக்கவும், காயத்துக்குக் கட்டுப் போடவும், மதிய நேரச் சொற்பொழிவில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கவும் கற்றுக்கொண்டேன். மூன்றாவதில் எனக்கு நல்ல தேர்ச்சி.

எங்கள் மேனேஜர் கோதண்டம் சார். எந்த அறிவிப்பும் அவர் கையெழுத்தில்லாமல் பலகைக்குப் போகாது. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தாளை வாங்குவார், பச்சை மை பேனாவை எடுப்பார், படிப்பார். எந்த இடத்தில் சலிப்புத் தட்டுகிறதோ அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போடுவார். பிறகு கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். திட்ட மாட்டார், திருத்த மாட்டார். அறிவிப்புக்கு அனுமதி உண்டு, ஆனால் நான் இதுவரைக்கும்தான் வந்தேன் என்று அர்த்தம்.

என் முதல் அறிவிப்பு 'அனைத்துத் தொழிலாளர்களுக்கும்' என்று தொடங்கியது. 'அனைத்துத்' என்பதற்குப் பக்கத்திலேயே கோடு விழுந்தது.

"சார், விஷயம் அதுக்கப்புறம்தான் வருது" என்றேன்.

"அப்படியா. நான் அவ்வளவு தூரம் வரலையேப்பா" என்றார்.

எனக்கு அன்று கோபம் வந்தது. டைப் அடிக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் எழுதத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். ஆனால் பலகைப் பக்கம் போய்ப் பார்த்தால் கோதண்டம் சாரே தேவலை என்று தோன்றியது. பலகை வருகைப்பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கார்டைத் தட்ட ஓடி வருகிறவன் எதைப் படிப்பான்? மாலையில் வெளியே போகிறவன் பலகையின் கண்ணாடிக் கதவில் தலையைச் சீவிக்கொண்டு போவான். அந்த வகையில் என் அறிவிப்புப் பலகை பலருக்கும் உதவியாக இருந்தது.

சரி, இந்த ஆட்கள் சும்மா நிற்கிற இடம் எது என்று இரண்டு வாரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரே ஓர் இடம்தான். கேன்டீனில் கை கழுவும் வரிசை. செல்போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பதால் கையில் நோண்டுவதற்கும் எதுவும் கிடையாது. அங்கே அறிவிப்புக்குப் பதிலாகக் கதை எழுதி ஒட்டினால் என்ன என்று தோன்றியது. நான்கு குழாய்களில் ஒன்று வேலை செய்யாது, இன்னொன்று சொட்டும். அவற்றைச் சரிசெய்யச் சொல்லி மனு எழுதியவனும் நான்தான். கதை ஆரம்பித்த பிறகு அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

குழாய்களுக்கு மேலே ஒரு பலகையை மாட்டி, தண்ணீர் தெறிக்காமல் பிளாஸ்டிக் தாள் போட்டு, கதையை ஒட்டினேன். முதல் கதையை, "அன்று அந்தக் கோர விபத்து நடந்தது" என்று தொடங்கினேன். ஆட்கள் ஒரு வரி படித்துவிட்டுச் சோப்பைத் தேடினார்கள். கோடு எங்கே விழுந்தது என்று சொல்லவேண்டியதில்லை. பாதுகாப்புப் பிரிவு எழுதுகிற கதை என்றால் கடைசியில் விரல் போகும், அவ்வளவுதானே? முடிவு தெரிந்த கதையைச் சாப்பாட்டு நேரத்தில் யார் படிப்பான்?

அப்போதுதான் மாணிக்கம் பிறந்தான். அவன் கதை இப்படித் தொடங்கியது: "குமணன்சாவடியில் பெண் பார்க்கப் போன வீட்டில் காபியை நீட்டினார்கள். மாணிக்கம் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை."

அதோடு நிறுத்திவிட்டேன். மீதியைக் கேன்டீனின் மறுகோடியில், சாப்பிட்ட தட்டைப் போடும் இடத்தில் ஒட்டினேன். இடையில் இருபது நிமிடம் சாப்பாடு. அந்த இருபது நிமிடமும் மாணிக்கத்தின் கையைப் பற்றியே பேசினார்கள். சாம்பாரைப் பற்றி யாரும் குறை சொல்லாத முதல் நாள் அது என்று சமையல்காரர் பின்னால் என்னிடம் சொன்னார்.

"விரல் போயிருக்கும்பா. சார் வேற இன்னா எழுதப் போறாரு" என்றார் ஒருவர்.

"இல்ல மச்சான். விரல் போனத கல்யாணம் வரிக்கும் மறைக்க முடியுமா? இவன் வேற எதயோ மறைக்கிறான்" என்றான் ஏழுமலை.

ஏழுமலை ஆறாம் எண் பிரஸ் ஓட்டுகிறவன். திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருவான். கதை என்றால் அவனுக்கு உயிர். தட்டைப் போடும் இடத்துக்கு அன்று முதலில் ஓடியவன் அவன்தான். அங்கே என்ன இருந்தது என்றால், மாணிக்கத்துக்குப் பத்து விரலும் பத்திரமாக இருந்தன. ஆபீஸில் வேலை என்று பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டான், நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. அதனால்தான் கையை மறைத்தான். சிரிப்புச் சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. கூடவே, வெறுங்கையால் கிரீஸைத் தொடாமல் கையுறை போடுங்கள் என்ற விஷயத்தையும் யாருக்கும் தெரியாமல் உள்ளே தள்ளியிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாணிக்கம் வந்தான். கோதண்டம் சாரின் பச்சைக் கோடு வாரத்துக்கு வாரம் கீழே இறங்கியது. எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் ஏறியது. ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது "இன்னா சார், அந்தப் பொண்ணு ஒத்துக்கினாளா?" என்று கேட்கிற ஆட்களுக்கு, பொறுத்திருந்து பாருங்கள் என்று பெரிய எழுத்தாளனைப் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போவேன்.

அந்தத் தலைக்கனத்தோடு இருக்கும்போதுதான் ஆறாம் எண் பிரஸ்ஸுக்குக் கீழே ஒரு துண்டு சைக்கிள் டியூப் கிடப்பதைப் பார்த்தேன்.

அது என்ன பெரிய விஷயம் என்று வெளியாருக்குத் தோன்றும். பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருப்பதால் அச்சுக்கு நடுவே கை மாட்டாது. ஒரு பொத்தானை டியூபால் இழுத்துக் கட்டிவிட்டால் ஒரு கையே போதும். வேலை வேகமாக நடக்கும். சும்மா இருக்கும் இன்னொரு கை தகட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். ஒரு நாள் கணக்குத் தவறினால் மணிக்கட்டு வரைக்கும் போய்விடும்.

அந்தப் பிரஸ்ஸை இரண்டு ஷிஃப்டிலும் மாறி மாறி மூன்று பேர் ஓட்டினார்கள். யார் கட்டுகிறான் என்று தெரியவில்லை. பதுங்கிப் போய்ப் பார்த்தேன். என் பாதுகாப்பு ஷூவின் சத்தம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும், டியூப் இருக்காது. எழுதிக் கொடுத்தால் விசாரணை வரும், மூன்று பேரையும் வெளியே நிறுத்துவார்கள். மூவரும் இல்லை என்றே சொல்வார்கள். அதனால் டியூபை மாணிக்கத்தின் கையில் கொடுத்தேன். மற்றவர்களைவிட அதிகமாக அடித்து ஊக்கத்தொகை வாங்கவேண்டும் என்ற பேராசையில் மாணிக்கம் இடது பொத்தானில் டியூபைக் கட்டினான் என்று அந்த வார அத்தியாயத்தை எழுதினேன்.

எழுதிவிட்டுக் கேன்டீனில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். மூவரில் ஒருவர் படித்துவிட்டு, "மாணிக்கம் கெட்டுப்பூட்டாம்பா" என்று சிரித்தார். இன்னொருவர் தட்டைப் போடும் இடம் வரைக்கும் போய் மீதியையும் படித்தார். ஏழுமலை வரிசையில் நின்று முதல் பாதியைப் படித்தான். கை கழுவாமலே வெளியே போனான். மீதிப் பாதியை அவன் படிக்கவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் கேன்டீன் குழாய்ப் பக்கமே வரவில்லை. பின்பக்கம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயில் கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டான்.

என் முதல் வாசகன், என்னைவிட்டுப் போய்விட்டான். டியூப் கட்டியவனைப் பிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் போனான் என்று யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை தோட்டத்துக் குழாயடியில் அவனை மடக்கினேன்.

"என்ன ஏழுமலை, உள்ள தண்ணி வரலையா?"

"வருது சார். கூட்டமா கீது."

"நாலு பேருதான் நிக்கறாங்க."

அவன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

"மாணிக்கத்தைப் படிக்கலையா?"

"படிச்சேன். நீ தப்பா எழுதிகிற சார்."

"என்ன தப்பு?"

"மாணிக்கம் துட்டுக்கோசரம் டியூப் கட்டற ஆளு இல்ல. அவன நீதான் எழுதற, உனக்கே தெரியல. பேராசயாம் பேராச."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப எதுக்குக் கட்டினான்?" என்று கேட்டேன்.

குழாயை மூடினான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அவனுக்கு இடது கை மேல ஏறல சார். ஆறு மாசமா. சட்ட போடறதுக்கே உசுரு பூடுது. அந்தப் பொத்தான் இன்னாடான்னா தோளு ஒசரத்துல கீது. ஒரு நாளிக்கு எத்தினி தபா தூக்குவான்?"

"மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பேக்கிங்ல போட்ருவாங்க, அட்டப்பொட்டி ஒட்டறதுக்கு. அவங்கப்பன் அடுத்தவன் கயினில களை புடுங்கினவரு. அந்த ஊட்ல மிஷினத் தொட்ட மொத ஆளு இவன்தான். இவன் பொண்ணு ஸ்கூல்ல, எங்கப்பா பிரஸ் ஆபரேட்டர்னு எழுதி வச்சிகினு கீது. அத எப்டி சார் அழிக்கிறது?"

மாணிக்கத்துக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. இரண்டு பேரும் அதைக் கவனிக்காத மாதிரி நின்றோம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆளைக் கண்டுபிடிக்கக் கதை எழுதினேன், ஆளுக்கு என்ன வலி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மாணிக்கத்துகிட்ட சொல்லு, டியூப் வேணாம்னு" என்றேன். "சொல்லிப் பாக்கறேன் சார். கை வலிச்சா இன்னா பண்ணுவானோ" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

அந்த வார்த்தையை நம்பி ஒரு கையைப் பணயம் வைக்க முடியுமா? அச்சுகளைப் பராமரிக்கும் டூல் ரூமில் இருந்த நண்பரிடம் கெஞ்சி, அச்சு தேய்ந்திருக்கிறதா என்று சோதிக்கவேண்டும் என்ற சாக்கில் அன்று மதியத்திலிருந்தே ஆறாம் எண் பிரஸ்ஸை நிறுத்தினேன். வெள்ளியும் சனியும் ஓடவில்லை. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரம் முடிந்ததும் பிரஸ் ஓடியாகவேண்டும், அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட நிறுத்த முடியாது என்று நண்பர் சொல்லிவிட்டார். நானே போய் ஏழுமலையின் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது காட்டிக்கொடுப்பது. அவனாகவே போய்ச் சொன்னால் வேறு. அந்த வித்தியாசம் விசாரணையில் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், பல விசாரணைகளை டைப் அடித்தவன்.

சனிக்கிழமை புது அத்தியாயத்தின் முதல் பாதியைக் கோதண்டம் சாரிடம் கொடுத்தேன். மாணிக்கத்தின் இடது தோள், தோள் உயரத்தில் இருக்கும் பொத்தான், பேக்கிங் பிரிவைப் பற்றிய அவன் பயம், எல்லாம் இருந்தது. கடைசி வரி இது: "டியூப் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு மாணிக்கம் மேனேஜர் அறையின் முன்னால் நின்றான்."

பேனா கையிலேயே இருந்தது. கோடு விழவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"மீதி எங்கே?"

"இன்னும் நடக்கலை சார்."

கண்ணாடியைக் கழற்றினார். "யாரு?"

"மாணிக்கம் சார்."

"அதான் தெரியுமே" என்றார். கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். "இந்தக் கதையில வர்ற மேனேஜர் எப்படிப்பட்ட ஆளு?"

"அதையும் நான் முடிவு பண்ணலை சார்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மதியம் மணி அடிப்பதற்கு முன்பே கேன்டீனுக்குப் போய் நின்றேன். அதற்கு முன்பு எந்த அத்தியாயத்துக்கும் அப்படிப் போனதில்லை. வரிசையில் ஏழுமலை நிற்கிறானா என்று பார்த்தேன். இல்லை. தோட்டத்துக் குழாய்ப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தான். யாரோ ஒருவர் உள்ளேயிருந்து, "டேய் ஏழுமல, மாணிக்கத்துக்குத் தோளு வலியாம்டா" என்று கத்தினார். அவன் நின்றான். திரும்பி வந்து, வரிசையில் கடைசி ஆளாகச் சேர்ந்தான்.

குழாய்க்கு முன்னால் வந்ததும் படித்தான். பின்னால் வந்து சேர்ந்த ஒருவர், "நவுரு மாமே, பசிக்குது" என்றார். அவன் நகரவில்லை. இரண்டாவது தடவையும் படித்தான் என்று நினைக்கிறேன். பிறகு சாப்பிடாமல் நேராக மறுகோடிக்குப் போனான். தட்டைப் போடும் இடத்தில் பலகை காலியாக இருந்தது.

"இன்னா சார் இது, மீதிய ஒட்ட மறந்துட்டியா?" என்று மேசைகளிலிருந்து குரல் வந்தது.

"மறக்கலை. எனக்கே தெரியலை, எங்கேருந்து ஒட்டுறது" என்றேன்.

ஏழுமலை என்னிடம் வந்தான். "நெஜமாவே உனக்குத் தெரியாதா சார்?"

"தெரியாது ஏழுமலை. போனாதான் தெரியும்."

கேன்டீனைவிட்டு இறங்கி, வெயிலில் அலுவலகத்தைப் பார்த்து நடந்தான். ஏ.சி. குளிர் வெளியே போய்விடும் என்று எப்போதும் கதவை மூடி வைத்திருக்கும் கோதண்டம் சாரின் அறைக் கதவு அன்று காலையிலிருந்தே திறந்து கிடந்ததாக அலுவலகத்தில் சொன்னார்கள். ஏழுமலை உள்ளே போன பிறகுதான் மூடினார்களாம். நான் சாப்பிடவில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. அவன் வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்குக் காரணம் நான்தான். அவனை வரிசைக்குத் திரும்பி வரவைக்க அவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருக்கவேண்டாமே என்றுகூட நினைத்தேன்.

சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடிக்கும்போது இருவரும் வெளியே வந்தார்கள். நேராக ஆறாம் எண் பிரஸ்ஸுக்குப் போனார்கள். பராமரிப்பு ஃபோர்மேனையும் கூப்பிட்டார்கள். தரையிலிருந்து பொத்தான் வரைக்கும் டேப் வைத்து அளந்தார்கள், பிறகு தரையிலிருந்து ஏழுமலையின் முழங்கை வரைக்கும் அளந்தார்கள். கோதண்டம் சார் தானே பொத்தானுக்குக் கையைத் தூக்கித் தூக்கி இறக்கிப் பார்த்தார். பத்துப் பதினைந்து தடவை செய்தவர், தோளைத் தடவிக்கொண்டு, "இதை இவ்வளவு உயரத்துல வச்சது யாரு?" என்றார். மிஷின் வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்றார் ஃபோர்மேன். பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன் நான், எனக்கும் அதுவரை தோன்றவில்லை.

அந்த வாரத்துக்குள் எல்லாப் பிரஸ்களிலும் பொத்தான்களை முழங்கை உயரத்துக்கு இறக்கினார்கள். ஏழுமலையை டாக்டரிடம் அனுப்பினார்கள். சில வாரம் கழித்து அதே பிரஸ்ஸுக்கு, அதே ஆபரேட்டராகத் திரும்பி வந்தான். டியூப் கட்டியதற்காக ஓர் எச்சரிக்கைக் கடிதமும் உண்டு. கோதண்டம் சார் அதிலெல்லாம் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அதை டைப் அடித்தவனும் நான்தான்.

வந்த முதல் நாள் ஏழுமலை என் அறைக்கு வந்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"எல்லாம் சரி சார். மாணிக்கத்த பேராச புடிச்சவன்னு எழுதினியே, அது அப்டியே கீதே" என்றான்.

"அதுக்கப்புறம்தான் தோள் வலின்னு எழுதிட்டேனே."

"ரெண்டும் எழுதிகிற. வலியும் கீது, பேராசயும் கீது. அத்தினி பேரும் படிச்சாங்க சார்."

கதைதானே ஏழுமலை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை கதை இல்லை. மூன்று வரி மட்டும் எழுதிக் கோதண்டம் சாரிடம் கொண்டுபோனேன். "மாணிக்கம் பேராசையில் டியூப் கட்டினான் என்று எழுதியது தவறு. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. எழுதியவன், அவனைக் கேட்காமல் எழுதிவிட்டான்."

அவர் முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "எழுதியவன்னா யாரு? உன் பேரைப் போடு" என்றார். அதுவரை எந்த அத்தியாயத்திலும் என் பெயர் இருந்ததில்லை. போட்டேன்.

மதியம் ஏழுமலை வரிசையில் வந்து நின்றான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, முதல் எழுத்திலிருந்து என் பெயர் வரைக்கும் நிதானமாகப் படித்தான். பிறகுதான் குழாயைத் திறந்தான்.